பழைய மீன்தொட்டி வாங்கினால்: எதை முதலில் செய்வது, எதைச் செய்யவே கூடாது

வீடு மாற்றுகிறவர்களும் மீன் வளர்த்துச் சலித்தவர்களும் விற்கும் பழைய தொட்டிகள் சென்னையில் எப்போதும் கிடைக்கும். பெரும்பாலும் மொட்டை மாடியிலோ பால்கனி மூலையிலோ மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தவை. மேல் விளிம்பில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கறை, மூலையில் காய்ந்த பாசி, அடியில் சாயம் போன கல். பார்க்கத்தான் பயமாக இருக்கும், சுத்தம் செய்வது கஷ்டமில்லை. ஆனால் வரிசை மாறினால் வம்பு. நாள் முழுக்கத் தேய்த்த பிறகுதான் தொட்டி ஒழுகுவது தெரியவரும். அல்லது தேய்க்க எடுத்த பொருளே சிலிகானில் தங்கி, பிறகு விடும் மீனைக் கொல்லும்.

கீழே உள்ள அளவுகள் எல்லாம் 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டிக்கு. அது ஏறக்குறைய 55 லிட்டர். உங்களுடையது வேறு அளவு என்றால் நீளம், அகலம், உயரத்தை அடியில் பெருக்கி, வருவதை 28 ஆல் பெருக்குங்கள், லிட்டர் வந்துவிடும். கைவேலை நாலைந்து மணி நேரம்தான். மற்றதெல்லாம் காத்திருப்பு. ஒழுகாத தொட்டி தயாராக ஒரு வாரம், சிலிகான் போட வேண்டியதற்கு இரண்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீன் விட அதற்குப் பிறகும் சில வாரம் பிடிக்கும். மீனை முன்பே வாங்கி வாளியில் வைத்துக்கொண்டு இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

1. பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

முதலில் புதுத் தொட்டியின் விலையைக் கேளுங்கள். கொளத்தூர் பக்கம் உள்ள கடைகளில் போனிலேயே சொல்வார்கள். வெறும் கண்ணாடிப் பெட்டி மட்டும் என்றால், புது விலையில் பாதிக்கு மேல் கேட்கும் பழைய தொட்டியை விட்டுவிடலாம். 2 அடித் தொட்டியில் பழையது வாங்கி மிச்சம் பிடிப்பது சொற்பம். ஸ்டாண்டு, மூடி, லைட், ஃபில்டர் எல்லாம் சேர்ந்து வந்தாலோ, 3 அடிக்கு மேல் போனாலோதான் லாபம்.

விற்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். என்ன வளர்த்தீர்கள்? கடைசியாக எப்போது தண்ணீர் இருந்தது? ஏன் நிறுத்தினீர்கள்? மூன்றாவதுதான் முக்கியம். “மீன் ஒவ்வொன்றா செத்துப்போச்சு” என்று பதில் வந்தால் நோய்க்கிருமி இருக்கலாம். 5-ஆம் படியை முழுமையாகச் செய்ய வேண்டும். ஆமை வளர்த்த தொட்டி என்றால் சால்மோனெல்லா பாக்டீரியா இருக்க வாய்ப்பு அதிகம். கையுறை போட்டே தொடுங்கள், சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். கடல் மீன் இருந்த தொட்டி என்றால் தாமிர மருந்து பயன்படுத்தினார்களா என்று கேளுங்கள். கண்ணாடியில் அது தங்காது. ஆனால் பழைய கல்லிலும் பவளத் துண்டுகளிலும் ஊறியிருந்து மெதுவாகக் கசியும். இறாலும் நத்தையும் அதைத் தாங்காது.

இனி கண்ணாடி. 2 அடித் தொட்டிக்கு 5 மி.மீ. போதும். 3 அடி நீளமும் ஒன்றரை அடி உயரமும் என்றால் 8 மி.மீ., 4 அடிக்கு 10 மி.மீ. இருப்பது நல்லது. மேல் விளிம்பில் குறுக்கே ஒட்டியிருக்கும் கண்ணாடிப் பட்டை உடைந்தோ கழன்றோ போயிருந்தால், தண்ணீர் நிரப்பியதும் முன்கண்ணாடி வெளியே வளையும். விளிம்பில் சில்லு பெயர்ந்திருப்பதை மன்னிக்கலாம். ஆனால் அதிலிருந்து முடி போல ஒரு கோடு உள்ளே ஓடினால் வேண்டாம். ஈர விரலால் கறையைத் துடைத்துவிட்டு நகத்தால் உரசிப் பாருங்கள். நகம் மாட்டும் கீறல் எந்தக் கழுவலிலும் போகாது. தண்ணீர் நிரம்பியதும் மெல்லிய கீறல்கள் கண்ணுக்கு மறைந்துவிடும், ஆழமானவை மறையாது.

2. சிலிகானைப் படிப்பது

பழைய தொட்டியின் உயிர் கண்ணாடியில் இல்லை, ஒட்டில் இருக்கிறது. ஒவ்வொரு மூலையிலும் இரண்டு சிலிகான் உண்டு. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே மெல்லிய பட்டையாக இருப்பது ஒன்று. தொட்டியைத் தாங்குவது அதுதான். உள்மூலையில் விரலால் வழித்துவிட்டது போலத் தெரிவது இன்னொன்று. அது முதல் ஒட்டைத் தண்ணீரிலிருந்து காக்கும் போர்வை.

செல்போன் டார்ச்சை வெளியிலிருந்து மூலையில் சாய்வாக அடித்துப் பாருங்கள். நடு ஒட்டு ஒரே நிறமாக, கண்ணாடியோடு ஒன்றிப்போய்த் தெரிய வேண்டும். அங்கங்கே ஊசிமுனை அளவு குமிழி இருந்தால் தவறில்லை, ஒட்டும்போதே வந்தது. வெளுத்த திட்டுகளோ நீளமான வெள்ளிக் கோடுகளோ தெரிந்தால் சிலிகான் கண்ணாடியை விட்டு விலகிவிட்டது என்று அர்த்தம். அதை வீட்டில் சரிசெய்ய முயல வேண்டாம். தொட்டியைப் பிரித்துத்தான் ஒட்ட வேண்டும், கடைக்காரர் வேலை அது.

உள்போர்வையைப் பார்க்கப் பாசி உதவும். சிலிகானின் ஓரத்துக்கு அடியில், கண்ணாடிக்கும் அதற்கும் இடையே, பச்சையாகவோ கறுப்பாகவோ ஒரு கோடு புகுந்து ஓடியிருக்கிறதா? தண்ணீர் போகாத இடத்தில் பாசி வளராது. அந்தக் கோடு எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரம் ஒட்டு விட்டிருக்கிறது. நகத்தால் ஓரத்தை நெம்பிப் பாருங்கள். தோல் உரிவது போல வந்தால் உள்போர்வையை மாற்ற வேண்டும். சிலிகான் நீல நிறமாக இருந்தால் பயப்பட வேண்டாம். மெத்திலின் ப்ளூ மருந்தின் சாயம் அது. போகாது, கெடுதலும் செய்யாது.

வண்டியில் கொண்டுவரும்போது அடிப்பக்கம் கீழே இருக்கும்படி, தெர்மாகோல் மேலோ பழைய மெத்தை மேலோ வையுங்கள். இரண்டு பேர் அடியில் கைகொடுத்துத் தூக்க வேண்டும். மேல் பட்டையைப் பிடித்துத் தூக்கி ஒட்டு விட்ட தொட்டிகள் ஏராளம். உள்ளே ஒரு குடம் தண்ணீர்கூட இருக்கக் கூடாது.

3. தேய்க்கும் முன் முதல் ஒழுகல் சோதனை

இதைத்தான் பலர் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். முதலில் செய்யுங்கள். பெரிய ஓட்டை இருந்தால் மீதி வேலையே வேண்டியிருக்காது.

கல், குப்பையை அள்ளிவிட்டு உள்ளே ஒரு முறை வெறும் தண்ணீர் விட்டு அலசுங்கள். மேடு பள்ளம் இல்லாத தரையில், நிழலில், அரை அங்குல தெர்மாகோல் மேல் வையுங்கள். தெர்மாகோலுக்கு அடியில் செய்தித்தாள் விரியுங்கள்; நாலு பக்கமும் நாலு விரல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். பாத்ரூம் தரை வேண்டாம், ஈரம் எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. மொட்டை மாடி வெயிலும் வேண்டாம். சூடேறிய கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் விழுந்தால் விரிசல் விடும்.

முதலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். ஒரு மணி நேரம் பாருங்கள். பிறகு பாதி, இன்னொரு மணி நேரம். பிறகு விளிம்புக்கு ஒரு அங்குலம் கீழே வரை நிரப்பி 24 மணி நேரம் விடுங்கள். தண்ணீர் மட்டத்தைக் கண்ணாடியில் மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். கோடை நாளில் சில மி.மீ. ஆவியாகப் போவது இயல்பு, அதை ஒழுகல் என்று நினைத்துவிடாதீர்கள். செய்தித்தாள் சொல்வதுதான் சாட்சி. வெளி மூலைகளில் டிஷ்யூ பேப்பரை ஒற்றி ஒற்றிப் பார்த்தால் எந்த உயரத்தில் கசிகிறது என்றும் தெரியும். கசியும் இடத்தை வெளியே மார்க்கரால் குறியுங்கள்.

ஒழுகவில்லை என்றால் பாதி நிம்மதிதான். உப்புக் கறை சிறு ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருக்கும். அதை வினிகர் கரைத்த பிறகு அதே தொட்டி ஒழுகலாம். அதனால் சுத்தம் செய்த பின் இன்னொரு சோதனை உண்டு.

4. உப்புக் கறையும் பாசியும்

போர் தண்ணீர் பயன்படுத்திய தொட்டிகளில் இதுதான் பெரிய வேலை. அந்த வெள்ளைக் கறை பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். சுரண்டினால் போகாது, புளிப்பு பட்டால் கரையும். மளிகைக் கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகர் ஒரு லிட்டர் போதும். தண்ணீர் கலக்க வேண்டாம்.

தொட்டியை ஒரு பக்கமாகப் படுக்கவையுங்கள். கறை உள்ள இடத்தில் டிஷ்யூ பேப்பரையோ பழைய பனியன் துணியையோ போட்டு, துணி நனையும் அளவு வினிகர் ஊற்றுங்கள். நுண்குமிழி கிளம்புவது தெரியும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு துணியாலேயே தேய்த்தால் கூழாக வந்துவிடும். அடுத்த பக்கத்துக்குத் திருப்புங்கள். நாலு பக்கமும் இப்படித்தான். அவசரப்பட்டு எல்லாப் பக்கத்திலும் ஸ்பிரே அடித்தால் வழிந்து ஓடிவிடும், கறை அப்படியே நிற்கும். வினிகருக்குப் பதில் எலுமிச்சை உப்பும் (சிட்ரிக் ஆசிட்) நன்றாக வேலை செய்யும், செலவும் குறைவு: ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 50 கிராம். கொதிக்கும் தண்ணீர் மட்டும் வேண்டாம்.

மிச்சமிருக்கும் கறைக்கும் காய்ந்த பாசிக்கும் பிளேடு. கண்ணாடி நனைந்திருக்க வேண்டும், பிளேடைச் சாய்வாகப் பிடித்து ஒரே திசையில் தள்ள வேண்டும். இரு பக்கமும் இழுத்தால் இடையில் மாட்டும் மணல் துகள் கண்ணாடியைக் கீறும். துருப்பிடித்த பிளேடும் அப்படியே. சிலிகானிலிருந்து ஒரு விரல்கடை தள்ளியே நிறுத்துங்கள். மூலைக்குப் பழைய டூத்பிரஷ்ஷும் கல் உப்பும் போதும். உப்பு கண்ணாடியை விட மிருதுவானது, கீறாது, அலசினால் போய்விடும். ஆப்ப சோடாவைக் குழைத்தும் தேய்க்கலாம். பிளாஸ்டிக் அல்லது அக்ரிலிக் தொட்டியில் பிளேடும் பச்சை ஸ்கிரப்பரும் கூடாது. மிருதுவான துணி மட்டுமே.

பின்பக்கம் ஒட்டியிருக்கும் கடல் படம் போட்ட ஸ்டிக்கரை உரிக்க வெதுவெதுப்பான ஈரத்துணியைக் கால் மணி நேரம் ஒட்டிவைத்தால் இளகும். மிஞ்சும் பசைக்குத் தேங்காய் எண்ணெய், அதுவும் வெளிப்பக்கம் மட்டும். எண்ணெய்க் கையோடு உள்ளே தொடாதீர்கள்.

இந்தப் பொருட்கள் தொட்டி அருகிலேயே வரக் கூடாது:

பாத்திரம் தேய்க்கும் சோப்பு, லிக்விட், துணிப் பவுடர். இவற்றின் நுரைப் பொருள் சிலிகானில் ஒட்டிக்கொண்டு மீனின் செவுளைப் பாதிக்கும். சோப்புப் பட்ட ஸ்பாஞ்சும் இதே கணக்கு. இந்த வேலைக்குப் புது ஸ்பாஞ்சு வாங்குங்கள், பத்து இருபது ரூபாய்தான்.

டாய்லெட் கிளீனரும் பாத்ரூம் ஆசிட்டும். கறையை நொடியில் எடுக்கும் என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். எடுக்கும்தான். கூடவே வாசனைப் பொருளையும் சாயத்தையும் மேலும் என்னென்னவோ விட்டுப்போகும்.

கண்ணாடி துடைக்கும் நீல ஸ்பிரே. சில ஸ்பிரேக்களில் அம்மோனியா இருக்கும். வெளிப்பக்கம் துடைக்கவும் வேண்டாம்.

5. கிருமி நீக்கம்

தொட்டி ஆறு மாதமாகக் காய்ந்து கிடந்தது, மீன் நோயில் சாகவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் இந்தப் படி கட்டாயமில்லை. வெள்ளைப்புள்ளி நோயைப் பரப்பும் ஒட்டுண்ணி போன்றவை ஈரம் இல்லாமல் பிழைக்காது. சந்தேகம் இருந்தால் செய்துவிடுங்கள்.

எச்சரிக்கை ஒன்று, இதை இரண்டு முறை படியுங்கள். வினிகரும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளியேறும். மூடிய பாத்ரூமில் அது நுரையீரலை எரிக்கும். வினிகர் வேலை முடிந்து, குறைந்தது மூன்று முறை தண்ணீர் மாற்றி அலசி, ஸ்பாஞ்சையும் வாளியையும் கழுவிய பிறகே பிளீச் பாட்டிலைத் திறக்க வேண்டும். முடிந்தால் அடுத்த நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சை உப்புக்கும் இதே விதிதான்.

வாசனை, நிறம், கெட்டித்தன்மை எதுவும் சேர்க்காத சாதாரண பிளீச் திரவம் வாங்குங்கள். 5 லிட்டர் தண்ணீருக்கு 250 மி.லி. கலந்தால் போதும். தொட்டி முழுக்க நிரப்பத் தேவையில்லை. கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, ஸ்பாஞ்சால் எல்லாப் பக்கமும் பூசுங்கள். 10 முதல் 15 நிமிடம் ஈரமாகவே இருக்க வேண்டும், காய்ந்தால் மறுபடி பூசுங்கள். அதற்கு மேல் ஊறவிட்டால் கூடுதல் பலன் இல்லை.

திரவம் கிடைக்காவிட்டால் பிளீச்சிங் பவுடர் 35 கிராம், 5 லிட்டர் தண்ணீருக்கு. கலக்கி ஒரு மணி நேரம் தெளியவிட்டு மேல் தண்ணீரை மட்டும் எடுங்கள். அடியில் நிற்கும் சுண்ணாம்பு வண்டல் தொட்டிக்குள் போனால் திரும்ப வெள்ளைக் கறைதான். திறந்து வைத்த பழைய பாக்கெட்டில் வீரியம் இருக்காது. மூக்கைத் துளைக்கும் வாடை இல்லாத பவுடர் பிரயோஜனமில்லை.

பிறகு நாலைந்து முறை அலசுங்கள். கடைசியாகத் தொட்டியை நிரப்பி, மீன் கடைகளில் குளோரின் எடுக்க விற்கும் தயோசல்பேட் படிகத்தில் ஒரு தேக்கரண்டி போட்டுக் கலக்கி ஒரு மணி நேரம் விட்டுக் கொட்டுங்கள். காற்றோட்டமான இடத்தில் கவிழ்த்துச் சாய்த்து 24 மணி நேரம் காயட்டும். மூக்கை உள்ளே விட்டு முகர்ந்தால் குளோரின் வாடை கொஞ்சமும் இருக்கக் கூடாது. மீன் நோயில் செத்த தொட்டி என்றால் இரண்டு மூன்று நாள் நன்றாகக் காயவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இதற்கு இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும்; ஃபேன் போட்டுவிடுங்கள்.

பிளீச்சுக்குச் சுலபமாக அடங்காத ஒன்று மீன் காசநோய்க் கிருமி. விற்பவர் சொல்லும் அடையாளம் இப்படி இருந்தால் சந்தேகப்படுங்கள்: மீன் சாப்பிட்டும் இளைத்து, வயிறு ஒட்டி, முதுகு வளைந்து, மாதக்கணக்கில் ஒவ்வொன்றாகச் செத்தது. இந்தக் கிருமி கையில் உள்ள காயம் வழியாக மனிதருக்கும் தொற்றி, ஆறாத கட்டிகளை உண்டாக்கும். இப்படிப்பட்ட தொட்டியை வாங்காமல் இருப்பதே நல்லது. வாங்கிவிட்டீர்கள் என்றால் கண்ணாடியைத் தவிர எல்லாவற்றையும் எறிந்துவிட்டு, பிளீச்சை அலசிக் காயவைத்த பின், 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் உள்பக்கம் முழுக்க இரண்டு முறை ஈரமாகத் துடையுங்கள். கை கழுவும் சானிடைசர் இதற்கு ஆகாது. கிளிசரினும் வாசனையும் கலந்திருக்கும். அருகில் அடுப்பும் தீயும் இருக்கக் கூடாது.

6. உள்போர்வை மாற்ற வேண்டியிருந்தால்

ஒழுகும் மூலையில் மட்டும் பழைய சிலிகான் மேலேயே புதுசைப் பூசுவது எல்லோரும் செய்வது, எல்லோருக்கும் தோற்பது. புது சிலிகான் பழைய சிலிகானில் ஒட்டாது. ஒரு மூலையை மட்டும் எடுத்தாலும் பழசும் புதுசும் சந்திக்கும் இடத்தில் மறுபடி கசியும். ஆகவே உள்மூலைகள் அத்தனையையும் எடுக்க வேண்டும்.

பிளேடால் உள்போர்வையை மட்டும் கண்ணாடியோடு ஒட்டிச் சீவுங்கள். இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளேடு நுழையக் கூடாது, அது தாங்கும் ஒட்டு. கண்ணுக்குத் தெரியாத படலமும் மிஞ்சக் கூடாது என்பதால் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, விரலால் தடவிப் பாருங்கள். வழுவழு என்று ரப்பர் போலத் தட்டுப்படும் இடமெல்லாம் இன்னும் சீவ வேண்டியவை.

சிலிகான் வாங்கும்போது இரண்டு விஷயம். காயும்போது வினிகர் வாடை அடிக்கும் வகை வேண்டும். பாத்ரூமுக்கான, பூஞ்சை தடுப்பு என்று எழுதியிருக்கும் வகை வேண்டவே வேண்டாம். பூஞ்சையைக் கொல்ல அதில் சேர்த்திருக்கும் மருந்து மீனுக்கும் விஷம். டியூபின் அடியில் காலாவதித் தேதி பாருங்கள். ஹார்டுவேர் கடையில் வருஷக்கணக்கில் கிடந்த டியூப் காயாமல் பிசுபிசுப்பாகவே நிற்கும். ஒரு டியூப், 280 மி.லி. சுற்றளவில் வருவது, தொட்டிக்கு மிச்சம். மாஸ்கிங் டேப்பும் வாங்கிக்கொள்ளுங்கள்.

மூலையிலிருந்து இரு பக்கமும் அரை அங்குலத்துக்கும் குறைவாக, ஏறக்குறைய 7 மி.மீ. தள்ளி டேப் ஒட்டுங்கள். ஒரு மூலை முழுக்க நிறுத்தாமல் சிலிகானைப் பிதுக்குங்கள். உடனே ஈரவிரலால் ஒரே இழுப்பில் வழித்துவிட்டு, மேல் தோல் கட்டும் முன் டேப்பை உரித்துவிடுங்கள். உங்களுக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம். அதற்குப் பிறகு திருத்தப் போனால் கோரமாகும், ஒட்டும் கெடும்.

மூன்று நாள் கட்டாயம். ஒரு வாரம் விடுவது உத்தமம். சிலிகான் காற்றிலுள்ள ஈரத்தை வைத்தே காய்கிறது, வெயிலில் வைத்துப் பயனில்லை. வினிகர் வாடை முழுக்க அடங்கிவிட்டதா என்பதுதான் அளவுகோல்.

7. கூட வந்த சாமான்கள்

ஃபில்டரைப் பிரித்து உள்ளே சுழலும் காந்தத்தை வெளியே எடுங்கள். அதன் நடுவே உள்ள மெல்லிய தண்டு உடைந்திருந்தாலோ, காந்தம் வீங்கியிருந்தாலோ புது ஃபில்டர் வாங்குவதே நல்லது. கறை மட்டும் என்றால் வினிகரில் ஒரு மணி நேரம் போட்டு டூத்பிரஷ்ஷால் தேய்த்தால் சத்தம் பாதியாகும். தொட்டிக்கு வெளியே வைக்கும் கேனிஸ்டர் ஃபில்டரின் ரப்பர் வளையத்துக்கு சிலிகான் கிரீஸ் போடுங்கள். வாசலின் போட்டால் ரப்பர் நாளடைவில் ஊதிவிடும்.

பழைய ஸ்பாஞ்சு, ஏர் டியூப், ஏர் ஸ்டோன், கார்பன் எல்லாம் குப்பைக்கு. புதுசு மொத்தமே இருநூறு, முந்நூறு ரூபாய்க்குள் முடியும்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அது பெரிய விதிவிலக்கு. நீங்கள் வாங்கப் போகும் நாள் வரை தொட்டி ஓடிக்கொண்டிருந்து, மீன்கள் ஆரோக்கியமாக நீந்துவதைக் கண்ணால் பார்த்தீர்கள் என்றால், அந்த ஸ்பாஞ்சும் செராமிக் வளையங்களும் தொட்டியை விட மதிப்புள்ளவை. மீன் கழிவின் அம்மோனியாவைச் சமாளிக்கும் பாக்டீரியா அதில்தான் குடியிருக்கிறது. அதே தொட்டித் தண்ணீரில், மூடாத வாளியில் போட்டு, வீட்டுக்கு வந்ததும் ஏர் பம்ப் ஓடவிடுங்கள். கட்டிய பிளாஸ்டிக் பையில் சில மணி நேரம் இருந்தாலே ஆக்ஸிஜன் இல்லாமல் அழுகத் தொடங்கும். இந்த நிலையில் பிளீச் பக்கமே போகாதீர்கள்.

கல்லைப் பொறுத்தவரை, சாயக் கல்லை எறியுங்கள். இயற்கைக் கூழாங்கல்லில் நாலைந்தை எடுத்து மேலே வினிகர் விடுங்கள். குமிழி வந்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றிக்கொண்டே போகும். ஏற்கெனவே கடினமான போர் தண்ணீருக்கு அது தேவையில்லை. பெரிய கற்களை வேகவைக்காதீர்கள், உள்ளே ஈரம் இருந்தால் வெடிக்கலாம். மரக்கட்டையைத்தான் வேகவைக்க வேண்டும், அதற்குப் பிளீச் ஆகாது, உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் செடியின் அடியில் கம்பி துருவேறியிருந்தால் வேண்டாம்.

பழைய செடித் துண்டு, நத்தை, முட்டை ஒட்டிய கல் எதையும் ஏரியிலோ கால்வாயிலோ கொட்டாதீர்கள். நம் நீர்நிலைகளில் இன்று வலை கிழிக்கும் சக்கர் மீன் தொட்டிகளிலிருந்து போனதுதான். வெயிலில் நன்றாகக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள்.

லைட், ஹீட்டர், பம்ப் வயர்களை வளைத்து வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். டேப் சுற்றிய வயர் உள்ள எதையும் தண்ணீரில் இறக்க வேண்டாம். சென்னையில் பெரும்பாலானவர்களுக்கு ஹீட்டர் தேவைப்படாது. ஊட்டி, கொடைக்கானல் என்றால் தேவை. ஹீட்டரை வாளித் தண்ணீரில் முழுக்கிய பிறகே சுவிட்சைப் போட வேண்டும். அணைத்துக் கால் மணி நேரம் ஆறிய பிறகே வெளியே எடுக்க வேண்டும்.

8. இரண்டாவது சோதனை, இந்த முறை ஸ்டாண்டில்

நிரந்தரமாக வைக்கப் போகும் இடத்திலேயே செய்யுங்கள். தண்ணீர் மட்டும் 55 கிலோ. கல், கண்ணாடி, ஸ்டாண்டு சேர்த்தால் 80 கிலோவைத் தொடும். 3 அடிக்கு 1 அடிக்கு ஒன்றரை அடித் தொட்டியில் தண்ணீர் மட்டுமே 127 கிலோ. டீவி ஸ்டாண்டும் ஷூ ராக்கும் இதற்குச் செய்தவை அல்ல.

ரசமட்டம் வைத்து நீளவாக்கிலும் அகலவாக்கிலும் பாருங்கள். சாய்வு இருந்தால் ஸ்டாண்டின் காலுக்கு அடியில் தகடு வைத்துச் சரிசெய்ய வேண்டும். தொட்டிக்கு அடியில் அட்டை மடித்துச் சொருகினால் எடை ஒரு மூலையில் ஏறி அடிக்கண்ணாடி பிளக்கும். ஸ்டாண்டுக்கும் தொட்டிக்கும் இடையில் அரை அங்குல தெர்மாகோல், மணல் துகள் ஒன்றுகூட இல்லாமல். அடியில் பிளாஸ்டிக் சட்டம் உள்ள தொட்டிக்கு மட்டும் தெர்மாகோல் வேண்டாம்.

நிரப்பி 48 மணி நேரம் விடுங்கள். சிலிகான் மாற்றிய தொட்டிக்கு 72. நிரம்பிய முதல் சில மணி நேரம் நீங்கள் விழித்திருக்கும்போதே கழியும்படி காலையிலேயே தொடங்குங்கள். அருகில் பிளக் பாயின்ட் இருந்தால் வயர் சுவிட்சுக்குக் கீழே தொங்கி மேலேறும்படி விடுங்கள். வயரில் வழியும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

இந்தச் சோதனைத் தண்ணீரிலேயே கடைசி இரவு ஏர் பம்பை ஓடவிடுங்கள். காலையில் மேற்பரப்பைப் பாருங்கள். குமிழிகள் மேலே வந்ததும் உடைய வேண்டும். மூலையில் நுரை திரண்டு உடையாமல் நின்றால் எங்கோ சோப்பு மிச்சம் இருக்கிறது: ஸ்பாஞ்சிலோ, வாளியிலோ, முந்தைய சொந்தக்காரர் கழுவியதிலோ. முழுத் தண்ணீரையும் இறைத்து, கல் உப்பால் தேய்த்து, நிரப்பி மறுபடி பம்ப் ஓட்டுங்கள். நுரை தங்காமல் உடையும் வரைக்கும் இது தொடரும்.

அது முடிந்ததும் கல், செடி, ஃபில்டர். தண்ணீருக்குக் குளோரின் நீக்கி போட மறக்காதீர்கள், மெட்ரோ வாட்டர் லாரித் தண்ணீருக்கு முக்கியமாக. பிளீச் போட்டுக் கழுவிய தொட்டியில் நல்ல பாக்டீரியாவும் செத்திருக்கும். புது ஃபில்டரில் அவை குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். தண்ணீரைச் சோதித்து, அம்மோனியா, அதிலிருந்து உருவாகும் நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகு மீன் வாங்கக் கிளம்பலாம். முதல் தவணையில் நாலைந்து சிறு மீன் போதும்.